லாப்ரடாருக்கு முடி கொட்டுகிறது: கறி நிறுத்தியது சரியா?

காரைக்குடிப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விட்டுவிடுகிறேன். அவர் எழுதியதன் சுருக்கம் இது.

வீட்டில் 4 வயது ஆண் லாப்ரடார், பெயர் மணி. எடை 33 கிலோ. முடி எப்போதும் கொட்டும் என்றாலும் கடந்த சில மாதங்களாகக் கைமீறிப் போய்விட்டது. முற்றத்தைச் சுற்றிக் காலையில் கூட்டினால், மதியத்துக்குள் தூண் ஓரமெல்லாம் மறுபடி பந்து பந்தாகச் சேர்ந்துவிடுகிறது. முன்பு வீட்டில் வைக்கும் கறிக்குழம்பிலிருந்து நாலு துண்டு எடுத்துச் சோற்றில் பிசைந்து வைப்பார்கள். "கறி சூடு, அதனால்தான் முடி கொட்டுது" என்று சொல்லி மாமியார் பங்குனியில் அதை நிறுத்திவிட்டார். இப்போது காலையில் ஒரு டம்ளர் பால், நாலைந்து மேரி பிஸ்கட். மதியமும் இரவும் தயிர்ச்சோறு, அதுவும் உப்பில்லாமல். மேலே ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய். வாரம் இரண்டு பச்சை முட்டை, தினமும் கால்சியம் டானிக். இவ்வளவு செய்தும் முடி கொட்டுவது கூடியிருக்கிறதே தவிர குறையவில்லை. கணவர் முடி மழிக்க மெஷின் வாங்கி வந்திருக்கிறார். 6 வயது மகனுக்கு அவ்வப்போது மூச்சு இளைப்பு வருகிறது. வீடு பங்காளிகளுக்குப் பொது. முன்னோர் படைப்புக்கு வந்திருந்த சிறிய மாமனார், "பிள்ளை முக்கியமா, நாய் முக்கியமா? கொண்டுபோய் எங்கேயாவது விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். "எந்தச் சாப்பாடு போட்டால் முடி கொட்டுவது நிற்கும்? செவ்வாய், வெள்ளி, கார்த்திகைக்குக் கறி சேர்க்காத வீட்டில் அது முடியுமா?" இதுதான் அவர் கேள்வி. மீன் எண்ணெய் கொடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

சகோதரி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முடி கொட்டுவது முழுக்க நிற்காது. லாப்ரடாருக்கு இரண்டு அடுக்கு முடி. மேலே சற்று முரடான முடி, அடியில் பஞ்சு போல மெல்லிய முடி. ஒவ்வொரு முடியும் வளர்ந்து, ஓய்ந்து, உதிர்ந்து, புதிதாக முளைக்கும். குளிர் நாடுகளில் பகல் நீள்வதையும் குறைவதையும் ஒட்டி வருடத்துக்கு இரண்டு முறை மொத்தமாகக் கொட்டும். நம் பக்கத்தில் பகல் நீளம் பெரிதாக மாறுவதில்லை, நாயும் வீட்டுக்குள் விளக்கு வெளிச்சத்திலேயே இருக்கிறது. அதனால் வருடம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகவும், வெயில் ஏறும்போது கூடுதலாகவும் கொட்டும். அந்த இயல்பான அளவை எந்த உணவும் மாற்றாது. ஆனால் உணவுக் குறையால் அதற்கு மேல் கொட்டுவதை நல்ல உணவால் நிச்சயம் குறைக்கலாம். உங்கள் கடிதத்தைப் படித்தால் மணிக்கு அந்தக் குறை இருக்கிறது என்றே தோன்றுகிறது.

நீங்கள் எழுதிய அளவை வைத்துக் கணக்குப் பார்த்தேன். ஒரு வேளைக்கு 400 கிராம் சோறு என்று வைத்தாலும் நாளைக்கு 800 கிராம். அதில் புரதம் 21 கிராம் போல வரும். தயிரில் ஒரு 7, பாலில் 8, பிஸ்கட்டில் 2. ஆக மொத்தம் 38 கிராம், வாரம் இரண்டு முட்டையைச் சேர்த்தாலும் 40 போலத்தான். மணியின் உயரத்துக்கு அவன் 28 கிலோவில் இருந்தால் அழகாக இருக்கும். அந்த எடைக்கு ஒரு நாளைக்கு 55 கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும், 70 கிராம் கிடைத்தால் நல்லது. முடி என்பதே பெரும்பாலும் புரதம்தான். உடம்புக்குள் வரும் புரதம் போதாதபோது இதயம், ஈரல், தசைக்கெல்லாம் கொடுத்தது போகத்தான் தோலுக்கும் முடிக்கும் பங்கு கிடைக்கும். இதே சாப்பாட்டில் மாவுச்சத்தோ தேவைக்கு மேல் இருக்கிறது. அதனால்தான் மணி 33 கிலோவுக்கு வந்திருக்கிறான். ஆள் குண்டாக இருப்பதைப் பார்த்து நன்றாகச் சாப்பிடுகிறான் என்று வீட்டில் எல்லோரும் நினைக்கிறீர்கள். வயிறு நிறைகிறது, உண்மைதான். தோலுக்குப் போய்ச் சேர வேண்டியது அந்தத் தட்டில் இல்லை.

இனி மாமியார் சொன்னதற்கு வருகிறேன். அவர் பார்த்ததில் தப்பில்லை. பங்குனி வாக்கில் முடி கூடுதலாகக் கொட்டியது உண்மை, அந்தச் சமயத்தில் நாய் கறி தின்றுகொண்டிருந்ததும் உண்மை. ஆனால் ஒன்றுக்கு மற்றது காரணமில்லை. வெயில் காலத்தில் அடிமுடி உதிர்வது கறியே தொடாத நாய்க்கும் நடக்கும். கோழியோ ஆட்டுக்கறியோ நாயின் உடம்பில் சூட்டைக் கிளப்பி முடியை உதிர்ப்பதில்லை.

அதே நேரம், குழம்பை நிறுத்தியது மிக நல்ல காரியம். நம் பக்கத்தில் சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாமல் கறி வைப்பதில்லை. இவை இரண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து ரத்தசோகையைக் கொண்டுவரும். ஒரே நாளில் நிறையத் தின்றால்தான் என்றில்லை, கொஞ்சம் கொஞ்சமாகப் பல நாள் உள்ளே போனாலும் பாதிப்பு உண்டு. வதக்கினாலும் வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது, துண்டைக் கழுவிப் போட்டாலும் கறிக்குள் இறங்கியது இறங்கியதுதான். ஆகவே ஆச்சியிடம் இப்படிச் சொல்லுங்கள்: "குழம்பை நிறுத்தியது நல்லதாப் போச்சு, மசாலா இல்லாத வெந்த கறி மட்டும் அவனுக்கு வேணுமாம்." அவர் சொன்னதில் பாதி சரி என்று மருத்துவரே ஒப்புக்கொள்கிறார் என்றால் மீதிப் பாதியை மாற்றிக்கொள்வது அவருக்கும் சுலபம்.

உப்பு போட்டால் முடி கொட்டும் என்பதும் இங்கே எல்லோர் வாயிலும் இருப்பதுதான். நாய்க்கும் உப்புச் சத்து தேவை. வேகவைக்கும்போது ஒரு சிட்டிகை போட்டால் முடிக்கு ஒன்றும் ஆகாது. அப்பளம், ஊறுகாய், கருவாடு மாதிரி உப்பு ஏறியவைதான் கூடாது.

தேங்காய் எண்ணெயைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். நாயின் தோல் வறளாமல் இருக்க லினோலிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் கட்டாயம் வேண்டும். உடம்பு அதைத் தானாகத் தயாரிக்காது, சாப்பாட்டில்தான் வர வேண்டும். தேங்காய் எண்ணெயில் அது நூற்றுக்கு 2 பங்கு அளவுதான். நல்லெண்ணெயில் 40 பங்கு போல இருக்கிறது, கடலை எண்ணெயில் 30 பங்கு, கோழிக் கொழுப்பில் 20 பங்கு. இருக்கிற எண்ணெயை மாற்றினாலே போதும், தினம் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய். முடி பளபளப்பாகட்டும் என்று கரண்டி கரண்டியாக ஊற்றாதீர்கள். கொழுப்பு மிஞ்சினால் கணைய அழற்சி வரலாம், குண்டான நாய்க்கு அந்த ஆபத்து இன்னும் கூடுதல்.

முட்டையை அவித்துக் கொடுங்கள். பச்சை வெள்ளைக்கருவில் உள்ள அவிடின் என்ற புரதம், முடிக்கு வேண்டிய பயோட்டின் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வாரம் இரண்டு முட்டையால் பெரிய குறை வந்துவிடாது என்றாலும், வெந்த முட்டைதான் நன்றாகச் செரிக்கும், கிருமி பயமும் இல்லை.

கால்சியம் டானிக்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. தோலுக்கும் முடிக்கும் துத்தநாகம் மிக அவசியம். தானியங்களில் இருக்கும் பைட்டேட் என்ற பொருள் அதைக் குடலில் உறிஞ்ச விடாமல் கட்டிப்போடும். கால்சியம் அதிகமானால் அந்தத் தடை இன்னும் பலமாகும். வாய், கண் ஓரங்களிலும் பாதத்திலும் செதில் செதிலாகத் தடித்துப் பொருக்குத் தட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் துத்தநாகக் குறை என்று சந்தேகப்பட வேண்டும். கால்சியமே வேண்டாம் என்று சொல்லவில்லை. எலும்பில்லாத கறியும் சோறும் மட்டும் தின்னும் நாய்க்குக் கால்சியம் சேர்க்கத்தான் வேண்டும். ஆனால் மொத்தச் சாப்பாட்டையும் பார்த்து அளவாகச் சேர்க்க வேண்டும். தினம் மூடி மூடியாக ஊற்றும் பழக்கம் வேண்டாம்.

உணவை மாற்றும் முன் தோலைப் பாருங்கள்

எல்லா முடி உதிர்வும் சாப்பாட்டால் வருவதில்லை. இங்கே உண்ணியும் உண்ணிக் காய்ச்சலும் சாதாரணம். மணியை வெளிச்சத்தில் படுக்க வைத்து, முடியை எதிர்த்திசையில் விலக்கித் தோலைப் பாருங்கள். காது மடிப்பு, விரல் இடுக்கு, வால் அடி, அக்குள் எதையும் விட வேண்டாம். கறுப்புத் துகள்கள் இருந்தால் ஈரப்படுத்திய வெள்ளைத் துணியில் உதறுங்கள். கொஞ்ச நேரத்தில் அவற்றைச் சுற்றிச் செம்பழுப்பாகக் கறை பரவினால் அது மண் இல்லை, தெள்ளுப்பூச்சியின் எச்சம், அதாவது செரித்த ரத்தம்.

உடம்பு முழுக்கச் சீராகக் கொட்டி, தோல் சுத்தமாகத் தெரிந்தால் இயல்பான உதிர்வோ உணவுக் குறையோ இருக்கலாம். வட்ட வட்டமாக வழுக்கை விழுந்தாலோ, ராத்திரியெல்லாம் சொறிந்தாலோ, புளித்த வாடை வந்தாலோ, சொறி, படை, ஈஸ்ட் தொற்று, ஒவ்வாமை இவற்றைப் பார்க்க வேண்டும். இரண்டு பக்க விலாவிலும் ஒரே மாதிரி முடி மெலிந்து, வால் எலி வால் போல ஆகி, சாப்பாடு குறைவாக இருந்தும் எடை ஏறி, எந்நேரமும் சோர்ந்து படுத்திருந்தால் தைராய்டு குறைவாக இருக்கலாம். லாப்ரடாரில் இதை அடிக்கடி பார்க்கிறோம். மணி எடை ஏறியிருப்பதற்குச் சோறே போதிய காரணம்தான். இருந்தாலும் ஒருமுறை அரசு கால்நடை மருத்துவமனையில் காட்டி, தோலைச் சுரண்டிப் பார்க்கும் பரிசோதனையும் ரத்த அணுக்கள் எண்ணிக்கையும் எடுத்துவிடுங்கள். தைராய்டு பரிசோதனை தேவையா என்பதை அங்கே நேரில் பார்ப்பவர் முடிவு செய்யட்டும்.

தட்டில் என்ன வைக்கலாம்

மூன்று வழிகள் இருக்கின்றன. முழுக்க வீட்டுச் சமையல், முழுக்க பாக்கெட் உணவு, இரண்டும் கலந்து. வீட்டில் சமைத்துப் போடுவதே சிறந்தது என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். மனது அப்படித்தான் சொல்லும். ஆனால் கோழியும் சோறும் காய்கறியும் நல்ல அளவில் போட்டாலும் துத்தநாகம், தாமிரம், அயோடின், வைட்டமின் டி, ஈ ஆகியவை குறையும். 28 கிலோ நாய்க்கு நாளைக்கு 24 மில்லிகிராம் துத்தநாகம் வேண்டும். 250 கிராம் கோழி நெஞ்சுக்கறியில் அதில் பத்தில் ஒரு பங்கு தேறுவதே கடினம். அதனால் வீட்டுச் சமையல் மட்டும்தான் என்றால், நாய்களுக்கென்றே தயாராகும் தாது, வைட்டமின் கலவையை மருத்துவர் சொல்லும் அளவில் சேர்த்தே ஆக வேண்டும்.

உங்கள் வீட்டுக்குக் கலந்து போடுவதுதான் ஒத்துவரும் என்று நினைக்கிறேன். பெரிய நாய்களுக்கான முழுமையான உலர் உணவு, பாக்கெட்டில் புரதம் 24 சதவீதம், கொழுப்பு 10 சதவீதம் அளவுக்குப் போட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். அதில் நாளைக்கு 200 கிராம். கூடவே மசாலா இல்லாமல் வேகவைத்த எலும்பில்லாத கோழி 100 கிராம், அவித்த முட்டை ஒன்று, சோறு ஒரு கைப்பிடி, வெந்த பரங்கிக்காயோ கேரட்டோ கொஞ்சம், ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய். இதை இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். புரதம் 70 கிராமைத் தாண்டும், எடையும் மெல்ல இறங்கும். இந்த முறையில் கால்சியம் டானிக் தேவையே இல்லை. ஈரல் கிடைத்தால் வாரம் ஒருமுறை இரண்டு மூன்று துண்டு போதும், கூடினால் வைட்டமின் ஏ அளவு மீறிப் போகும். பிஸ்கட்டை நிறுத்துங்கள். சமைத்த எலும்பு, கோழியோ ஆடோ, எதுவும் வேண்டாம். கூர்மையாகப் பிளந்து குடலைக் கிழிக்கும்.

விரத நாளில் அடுப்பில் எதுவும் ஏற வேண்டாம். உலர் உணவு 280 கிராமும் ஒரு கிண்ணம் தயிரும் கொடுத்தால் அன்றைக்குப் போதும். அந்தப் பாக்கெட்டிலும் கறி இருக்கிறதே என்று ஆச்சிக்குத் தோன்றினால், மூடி இறுக்கமான டப்பாவில் கொல்லைப் பக்கம் வைத்து அங்கேயே போடுங்கள். அதுவும் மனது ஒப்பவில்லை என்றால் வளர்ந்த நாய்க்கான சைவ உலர் உணவும் கிடைக்கிறது. சரியாகத் தயாரித்திருந்தால் நாய் அதிலும் நன்றாக இருக்கும். வெறும் தயிர்ச்சோறும் அதுவும் ஒன்றில்லை.

புதுச் சாப்பாட்டுக்கு ஒரே நாளில் மாறினால் வயிற்றோட்டம் போகும். 7 முதல் 10 நாள் வரை, பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டிக்கொண்டே வாருங்கள்.

மீன் எண்ணெய்

இதைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். வறண்ட தோலுக்கும் அரிப்புக்கும் மீனில் இருக்கும் ஒமேகா 3 கொழுப்பு உதவும். ஆளி விதையிலும் ஒமேகா 3 உண்டு, ஆனால் நாயின் உடம்பு அதைப் பயன்படும் வடிவத்துக்குச் சிறிதளவே மாற்றிக்கொள்ளும். தொண்டிப் பக்கமிருந்து மத்தி வரும் நாட்களில் வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் மூன்று நான்கு மீன், நன்றாக வேகவைத்து நடுமுள்ளை எடுத்துவிட்டுக் கொடுக்கலாம். அன்றைக்குக் கோழியைக் குறைத்துக்கொள்ளுங்கள். மாத்திரையாக என்றால் 1000 மில்லிகிராம் சாதாரண மீன் எண்ணெய் மாத்திரை தினம் இரண்டு மணியின் எடைக்குப் போதும். வாங்கும்போது மீன் ஈரல் எண்ணெயைக் கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் வைட்டமின் ஏ, டி மிக அதிகம், தினமும் கொடுத்தால் உடம்பில் தங்கி நஞ்சாகும்.

மெஷின், சோப்பு, பிரஷ்

மழிக்காதீர்கள். இந்த இரண்டு அடுக்கு முடி வெயிலிலிருந்து தோலைக் காக்கிறது. ஒட்ட வெட்டினால் வெயில் நேராகத் தோலில் படும், சில நாய்களுக்கு முடி திட்டுத் திட்டாகத்தான் மறுபடி முளைக்கும். மழித்த பிறகும் உதிர்வு நிற்காது, நீள முடிக்குப் பதில் குட்டை முடி கொட்டும், அதைக் கூட்டி எடுப்பது இன்னும் கஷ்டம். அதற்குப் பதில் ரப்பர் பிரஷ் வாங்கி, காலையில் வாசலில் வைத்து 10 நிமிடம் சீவிவிடுங்கள். வீட்டுக்குள் விழ வேண்டிய முடியில் பெரும் பங்கு அங்கேயே வந்துவிடும். நாம் குளிக்கும் சோப்பு நாய்த் தோலுக்கு ஒத்துவராது. நாய் ஷாம்பூவில் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை குளிப்பாட்டினால் போதும்.

மகனின் இளைப்பும் சிறிய மாமனாரின் பேச்சும்

இதைக் குழந்தை மருத்துவரிடம் தவறாமல் கேளுங்கள். ஒவ்வாமையைக் கிளப்புவது முடி அல்ல, நாயின் எச்சிலிலும் தோல் செதிலிலும் உள்ள புரதங்கள். முடி அவற்றைச் சுமந்துகொண்டு வருகிறது, அவ்வளவுதான். மணியால்தான் இளைக்கிறதா, தூசியாலா, வேறு எதனாலா என்பது பரிசோதித்தால்தான் தெரியும். அதுவரை மகன் படுக்கும் அறைக்குள் நாய் போக வேண்டாம். விளக்குமாற்றால் காய்ந்த தரையைக் கூட்டும்போது எல்லாம் காற்றில் ஏறும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரைதானே, ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். நாய் முடி வயிற்றுக்குள் போனால் நோய் வரும் என்ற பயமும் வேண்டாம். குடற்புழு மருந்து 3 மாதத்துக்கு ஒருமுறை, வெறிநோய்த் தடுப்பூசி வருடம் தவறாமல். குழந்தை இருக்கிற வீட்டில் பார்த்துக்கொள்ள வேண்டியது இவைதான்.

பரிசோதனையில் நாய்தான் காரணம் என்று உறுதியாகி, இளைப்பும் கடுமையாக இருந்தால், பிள்ளைதான் முதலில். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அப்போது தெரிந்த குடும்பமாகப் பார்த்து, அவர்கள் சம்மதத்தோடு மணியை ஒப்படையுங்கள். கண்மாய்க் கரையிலோ கோயில் வாசலிலோ இறக்கிவிட்டு வருவது வேறு காரியம். நான்கு வருடம் உங்கள் கையில் சாப்பிட்டவனுக்குக் குப்பையில் தேடித் தின்னத் தெரியாது, தெரு நாய்களிடம் கடிபட்டும் வண்டியில் அடிபட்டும் சாவான். பட்டினியாலும் தாகத்தாலும் வதைபடும்படி விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவின்படி குற்றம். இதைச் சிறிய மாமனாரிடம் உங்கள் கணவரே பொறுமையாகச் சொல்வதுதான் முறையாக இருக்கும்.

பலன் எப்போது தெரியும் என்று கேட்பீர்கள். நாயின் மேல்தோல் புதுப்பித்துக்கொள்ளவே 3 வாரம் போல ஆகும். பொடுகும் வறட்சியும் முதலில் குறையும். முடியில் மாற்றம் தெரிய 6 முதல் 8 வாரம், சில நாய்களுக்கு 12 வாரம் கூட ஆகலாம். இரண்டு வாரம் பார்த்துவிட்டுச் சரிவரவில்லை என்று உணவை மாற்றிக்கொண்டே இருந்தால் எது உதவியது என்று யாருக்கும் தெரியாது. மாதம் இரண்டு முறை எடை பார்த்து எழுதி வையுங்கள். 12 வாரம் ஆகியும் உதிர்வு இதே அளவில் இருந்தால், அந்தக் குறிப்போடும் பரிசோதனைச் சீட்டுகளோடும் மறுபடி மருத்துவரைப் பாருங்கள், தைராய்டும் ஒவ்வாமையும் பார்க்க வேண்டியிருக்கும். டானிக்கையும் பிஸ்கட்டையும் இன்றைக்கே நிறுத்திவிடலாம், அதற்கு எந்தப் பரிசோதனையும் வேண்டாம்.